பாட்டுக்கேற்ற படம்: எல்இடி திரைக்குப் பின்னால் ஒரு வேலை

கல்லூரி கல்ச்சுரல்ஸ் ஆகட்டும், சினிமா இசையமைப்பாளரின் கச்சேரி ஆகட்டும், மேடைக்குப் பின்னால் எல்இடி வால் இல்லாமல் இன்று பெரிய நிகழ்ச்சி எதுவும் நடப்பதில்லை. அந்தத் திரையில் பாட்டோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் வண்ணங்களை ஒருவர் அந்த நேரத்திலேயே இயக்கிக்கொண்டிருக்கிறார். மேடைக்கு நேரெதிரே, சவுண்ட் மிக்சருக்கும் லைட் கன்சோலுக்கும் பக்கத்தில், ஒரு லேப்டாப்பும் பட்டன்கள் நிறைந்த ஒரு சின்ன மிடி கன்ட்ரோலருமாக உட்கார்ந்திருப்பவர்தான் அவர். உலகம் இவரை விஜே என்கிறது. நம் ஊரில் அப்படித் தேடினால் டிவி தொகுப்பாளர் வேலைதான் வரும். ‘விஷுவல் ஆபரேட்டர்’, ‘மீடியா சர்வர் ஆபரேட்டர்’ என்று தேடுங்கள்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அனிமேஷன் படித்தவர்கள் அல்லது வீடியோ எடிட்டர்கள். படம் அழகாகச் செய்யத் தெரியும். ஆனால் இங்கே கூலி கிடைப்பது கண்ணுக்கு அல்ல, காதுக்கு. பாட்டில் எதற்குப் படம் அசைய வேண்டும், எதற்கு அசையக் கூடாது என்று முடிவெடுப்பவர்தான் ஆபரேட்டர். மற்றதை மென்பொருளே செய்துவிடும்.

மென்பொருள் எப்படிக் கேட்கிறது

கணினிக்குப் பாட்டு தெரியாது, எண்கள்தான் தெரியும். சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றில் 1,024 எண்களை, அதாவது சுமார் 23 மில்லி விநாடி ஒலியை, ஒரு துண்டாக எடுத்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறது. எஃப்எஃப்டி எனப்படும் இந்தக் கணக்கை வேகமாகப் போடும் வழியை கணித அறிஞர்களான கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்டார்கள். இதிலிருந்து 512 பட்டைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 43 ஹெர்ட்ஸ் அகலம்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். டிரம்ஸின் கிக்கில் நெஞ்சில் அடிக்கிற அந்தக் கனத்த ஒலி பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று பட்டைகளுக்குள் அடங்கிவிடும். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, காதுக்குச் சலசலப்பாக மட்டும் கேட்கிற பகுதியோ பாதிக்கும் மேற்பட்ட பட்டைகளைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே திரையில் வரைந்தால் இடது ஓரம் மட்டும் குதிக்கும், மீதித் திரை தூங்கும். அதனால்தான் கீழ் அலைவரிசைகளை விரித்தும் மேலே உள்ளவற்றைச் சுருக்கியும் காட்டுகிறோம்.

துண்டைப் பெரிதாக்கினால் துல்லியம் கூடாதா? கூடும். 4,096 எண்கள் எடுத்தால் ஒரு பட்டை 11 ஹெர்ட்ஸாகக் குறையும். ஆனால் துண்டு 93 மில்லி விநாடி நீளமாகிவிடும். அடி விழுந்த பிறகு படம் சோம்பலாக அசையும். துல்லியமா, வேகமா என்பதைப் பாட்டைப் பார்த்து நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று: கிக், பேஸ் கிட்டார், தவிலின் தொப்பிப் பக்கம் எல்லாம் ஒரே இடத்தில்தான் விழும். ‘இது கிக்’ என்று எஃப்எஃப்டிக்குத் தெரியாது. அங்கே சக்தி இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

இதையெல்லாம் காசு செலவில்லாமல் கற்க நல்ல இடம் பழைய மில்க்டிராப். வினாம்ப் பிளேயருக்காக ரயன் கைஸ் 2001-இல் வெளியிட்ட இந்த விஷுவலைசரின் பிரீசெட் கோப்புகளைத் திறந்து, உள்ளே உள்ள சமன்பாடுகளைப் படிக்கலாம், மாற்றலாம். பேஸின் அளவு அதில் 1 என்றால் சாதாரணம், 0.7-க்குக் கீழே அமைதி, 1.3-க்கு மேலே பலம். மெல்லிய பாட்டானாலும் சத்தமான பாட்டானாலும் அந்தந்தப் பாட்டின் சராசரியோடு ஒப்பிட்டே இந்த எண் வருகிறது. இதே எண்ணின் நிதானப்படுத்திய வடிவம் ஒன்றும் தனியாக உண்டு. இருபது வருடத்துக்கும் மேலான இந்த யோசனையை இன்றைய விலை உயர்ந்த மென்பொருளிலும் நீங்கள் கையால் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏறும்போது சட்டென்று, இறங்கும்போது மெதுவாக. அப்படி இல்லாவிட்டால் படம் நடுங்கும்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைப்பது தொடக்கக்காரரின் அடையாளம். கிக்குக்கு அளவு, ஹை-ஹாட்டுக்கு மினுக்கு, பாட்டின் மொத்த ஏற்ற இறக்கத்துக்கு நிறம். மூன்று இணைப்புகளே ஒரு பாட்டுக்கு அதிகம் என்பேன். பாடகர் ஆலாபனையில் இருக்கும்போது திரை துள்ளினால் கூட்டம் அவரை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கும். அடுத்த கச்சேரிக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஆறு-எட்டில் சிக்கல்

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்திய கிளப்களுக்காகப் பிறந்தவை. ஒரு அளவுக்கு நாலு அடி சீராக விழும் நடன இசையில் தானியங்கி பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) கணிப்பு கச்சிதமாக வேலை செய்யும். நம் குத்துப் பாட்டுகளில் பாதி ஆறு-எட்டு. அங்கே அது திணறி, ஒன்றரை மடங்கு பிசகான வேகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கூட்டம் கை தட்டுகிற அந்தப் பெரிய அடியை மென்பொருளின் டேப் (tap) பட்டனில் நீங்களே தட்டிக்கொடுங்கள். அடிக்குள் அடி வேண்டுமானால் மூன்றாகப் பிரியுங்கள். பாதி, கால் என்று பிரித்தால் ஸ்ட்ரோப் ஒரு பக்கமும் பறை ஒரு பக்கமும் போகும். மிஸ்ர சாபு மாதிரி ஏழு வந்தால் பிபிஎம்மை மறந்துவிட்டு, ஒலி அளவு ஒரு எல்லையைத் தாண்டும்போது மட்டும் படம் மாறும்படி வையுங்கள்.

டிரம்மர் காதில் கிளிக் போட்டு வாசிக்கும் பெரிய குழு என்றால் நிலைமை வேறு. பாட்டு எந்த நொடியில் ஓடுகிறது என்று சொல்லும் டைம்கோட் சிக்னலைக் கேட்டு வாங்குங்கள். எந்த நொடியில் எந்தக் காட்சி என்பது அப்போது தானே பூட்டிக்கொள்ளும். உங்கள் கை, விரும்பிச் சேர்க்கும் விஷயங்களுக்கு மட்டும் போதும்.

எதைக் கற்பது

சம்பாதிக்கத் தொடங்க ரெசல்யூம். நெதர்லாந்து மென்பொருள். தயாரான கிளிப்களை அடுக்கி, கலந்து, பீட்டுக்கு ஓட்டுவது இதன் பலம். சோதனைப் பதிப்பில் திரையில் லோகோ வந்து போகும், ஒலியிலும் குரல் குறுக்கிடும். கற்றுக்கொள்ள அதுவே போதும். துறையில் நிலைக்க டச்டிசைனர். கனடாவின் டொரண்டோவில் உள்ள டெரிவேட்டிவ் நிறுவனத்துடையது. கட்டங்களை ஒயரால் இணைப்பதுபோல் இணைத்து உங்களுக்கான காட்சியை நீங்களே கட்டலாம். வணிக நோக்கில்லாத இலவசப் பதிப்பில் படத்தின் அளவு 1,280-க்கு 1,280 பிக்சலுக்கு மேல் போகாது. நிரல் எழுதப் பிடித்தவர்கள் ஒலிவியா ஜாக் உருவாக்கிய ஹைட்ராவை பிரவுசரிலேயே திறந்து விளையாடலாம்.

எந்த மென்பொருளானாலும் கிளிப்களை எச்.264-இல் வைக்காதீர்கள். அதில் ஒரு ஃபிரேமைத் திறக்க முந்தைய ஃபிரேம்கள் வேண்டும். பீட்டுக்குப் பின்னோக்கி ஓட்டினால் திக்கித் திணறும். ஹாப், டிஎக்ஸ்வி என்ற கோடெக்குகள் இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, கிராபிக்ஸ் கார்டே பிரித்துக்கொள்ளும். கோப்பு பூதாகரமாக இருக்கும். நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள்.

மைதானத்தில்

முதல் கேள்வி எல்இடி வெண்டரிடம்: “அண்ணே, பேனல் பிட்ச் என்ன, எத்தனைக்கு எத்தனை?” பி3.9 என்றால் (பிக்சலுக்குப் பிக்சல் 3.9 மில்லி மீட்டர் இடைவெளி), அரை மீட்டர் சதுரப் பேனல் ஒன்றில் 128-க்கு 128 பிக்சல். 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத் திரைக்கு 24-க்கு 10 பேனல்; மொத்தம் 3,072-க்கு 1,280 பிக்சல். 1,920-க்கு 1,080 கிளிப்பை அதில் இழுத்துப் போட்டால் வட்டமெல்லாம் முட்டையாகும். ஒரு ஃபுல் எச்டி வெளியீட்டில் அந்தத் திரை முழுவதையும் பிக்சலுக்குப் பிக்சல் அனுப்பவும் முடியாது. ஆகவே பிக்சல் மேப்பை ஒரு வாரம் முன்பே கேளுங்கள். “வந்து பாத்துக்கலாம்” என்று வெண்டர் சொன்னால் உங்கள் இரவுத் தூக்கம் போச்சு.

இரண்டாவது, சவுண்ட் இன்ஜினியர். அவரிடம் கேட்க வேண்டியது ஒரு மோனோ லைன். முடிந்தால் கிக்கையும் தாள வாத்தியங்களையும் தனி ஆக்ஸில் கேளுங்கள். முழு மிக்ஸில் இருந்து கிக்கைத் தேடிப் பிடிப்பதைவிட இது நூறு மடங்கு சுத்தம். சவுண்ட் செக் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நடுவில் போய்க் கேட்டால் திட்டுதான் கிடைக்கும், அதுவும் நியாயமான திட்டு. லேப்டாப் சார்ஜரால் லைனில் உர்ரென்று ஹம் வரலாம். டிஐ பாக்ஸோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ உங்கள் பையில் இருந்தால் பேச்சே வராது.

ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடை ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் படம் முதலில், ஒலி பத்தில் ஒரு விநாடி கழித்து. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பொருந்தவே பொருந்தாது. ஆகவே எல்இடி பிராசசரில் ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பயப்பட வேண்டியது கறுப்புத் திரைக்கு. விண்டோஸ் அப்டேட், நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் மூன்றையும் முந்தின நாளே அணையுங்கள். முதலமைச்சர் பேசும்போது திரையில் வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்ப்பது வேடிக்கையல்ல. சிக்னல் அறுந்தால் கறுப்புக்குப் பதில் கடைசி ஃபிரேமைக் காட்டும்படி எல்இடி பிராசசரில் அமைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது லேப்டாப்பும் ஒரு ஸ்விட்சரும் இல்லாமல் பெரிய மேடையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்ட்ரோபில் ஒரு எச்சரிக்கை. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். முழுத் திரையும் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளர் ‘இன்னும் வேகமா’ என்றாலும் சரி.

வாய்ப்பும் காசும்

இதற்கென்று பட்டயம் கேட்பவர் யாரும் இல்லை. நேர்வழி, எல்இடி வாடகைக்கு விடும் நிறுவனம். பேனல் தூக்குவதில் தொடங்கும், முதுகு வலிக்கும். ஆனால் எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த ஆபரேட்டர் பதறுகிறார், யார் பதறுவதில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சர்ச் நிகழ்ச்சி, கல்லூரி விழா, கல்யாண வரவேற்பின் லைட் மியூசிக் என்று சின்ன மேடைகளில் கை பழகலாம். போர்ட்ஃபோலியோவுக்கு ரெண்டர் செய்த வீடியோவை அனுப்பாதீர்கள். அது எடிட்டர் வேலைக்கான விண்ணப்பம். உங்கள் கையும் திரையும் ஒரே ஃபிரேமில் தெரிய, ஒரு நிமிடம், நிஜமான பாட்டோடு போனில் எடுத்து அனுப்புங்கள். கிளிப்கள் உங்களுடையவையாக அல்லது உரிமம் வாங்கியவையாக இருக்கட்டும். இணையத்தில் இறக்கிய இன்னொருவரின் லூப்பை இந்தத் துறையில் உள்ளவர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ரேட் பேசும்போது மூன்றைத் தனித்தனியாகப் பிரியுங்கள்: கன்டென்ட் செய்யும் கூலி, ஷோ அன்று இயக்கும் கூலி, லேப்டாப்பும் கருவிகளும் உங்களுடையது என்றால் அதற்கு வாடகை. மொத்தமாகப் பேசினால் கன்டென்டும் வாடகையும் இலவசமாகிவிடும். செட்டப் நாளும் வேலை நாள்தான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் ஷோ அதற்குள் முடியும். நீங்கள் கிளம்பப் பின்னிரவாகும், வண்டிச் செலவு யாருடையது என்று முன்பே கேளுங்கள். மழையால் ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒரு வரி. டிடிஎஸ் பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். பாக்கிப் பணத்தை ஷோ முடிந்த அன்றே கேட்க வெட்கப்பட வேண்டாம். சவுண்டுக்காரரும் ஜெனரேட்டர்காரரும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.