அம்மாவுக்கு ஒரு நோட்டு

பழவேற்காடு ஏரி மீனவர் ஊர்கள் சிலவற்றில், வலை போடும் ‘பாடு’ யாருடைய முறை என்பதற்குக் கணக்கு உண்டு. ஆனால், மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள்.

• வாரம் ஒரு நாள், அரைப் பக்கம் போதும்.

• ‘அன்பானவர்’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். இறாலை எப்படித் தரம் பிரித்தார், கடன்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள்.

• வளர்த்த ஆயா, சித்தி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பக்கம் ஒதுக்குங்கள்.

• ஆண்டு நினைவில்லையா? 2004 சுனாமிக்கு முன்னா, பின்னா என்று குறியுங்கள்.

• எழுதத் தெரியாத அம்மா சொல்லச் சொல்ல, பேச்சு மாறாமல் பிள்ளைகள் எழுதட்டும்.

• மனத்தாங்கலையும் எழுதலாம். அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

• ஈரக்காற்றுக்கு மை பேனா ஆகாது. பால்பாயின்ட் பேனாவே நல்லது. நோட்டை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.