அசலும் நகலும்: சில்லு அட்டையும் கடைக்காரர் பொறுப்பும்

முன்னுரை

வாணிகம் நம்பிக்கையின்மேல் நிற்பது. பொருளைக் கொடுப்பவர் பணம் வரும் என்று நம்புகிறார். பணத்தைக் கொடுப்பவர் பொருள் பழுதற்றது என்று நம்புகிறார். நாணயம் புழங்கிய காலத்தில் அதைத் தட்டி ஓசை கேட்டும், தாள் பணம் வந்தபின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் கடைக்காரர் உண்மையை அறிந்தார். பணம் அட்டையாக மாறியபின் அந்தச் சோதனையை ஒரு சிறு கருவியிடம் ஒப்படைத்துவிட்டோம். அக்கருவி ஏமாந்தால் நட்டம் யாரைச் சேரும்? இவ்வினாவே பல நாட்டுக் கடைகளில் பழைய கருவிகளை அகற்றி, சில்லு அட்டைகளை ஏற்கும் புதிய கருவிகளை வைக்கச் செய்தது. அம்மாற்றம் மிகுந்த உரசலோடு நிகழ்ந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டைச் சான்றாகக் கொண்டு, மாற்றத்தின் காரணத்தையும் போக்கையும் விளைவையும் இக்கட்டுரையில் காண்போம்.

காந்தப் பட்டையின் குறை

அட்டையின் பின்புறம் கறுப்பு நிறத்தில் ஓடும் காந்தப் பட்டை 1960களில் உருவான தொழில்நுட்பம். அட்டை எண், உரியவர் பெயர், காலாவதி நாள், சரிபார்ப்புக்கான சில எண்கள் ஆகியவை அதில் பதிந்திருக்கும். அட்டையைக் கருவியில் தேய்க்கும்போது அவை படிக்கப்பட்டு வங்கிக்குச் செல்கின்றன. காலையில் தேய்த்தாலும் மாலையில் தேய்த்தாலும், நூறு ரூபாய்க்குத் தேய்த்தாலும் ஆயிரம் ரூபாய்க்குத் தேய்த்தாலும், பட்டை சொல்லும் செய்தி ஒன்றே. இதுவே அதன் குறை. மாறாத செய்தியை ஒருமுறை கேட்டவன் மறுமுறை தானே சொல்லிவிடலாம். பட்டையிலுள்ளதைப் படியெடுத்து வேறொரு வெற்று அட்டையில் பதித்துவிட்டால், கருவிக்கு அசல் எது, நகல் எது என்று தெரியாது.

இக்குறையின் அளவை 2013ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, டார்கெட் என்னும் அமெரிக்கப் பெருங்கடை நிறுவனத்தின் கணினி அமைப்பிற்குள் தீய நிரல் ஒன்று நுழைக்கப்பட்டு, ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவாடப்பட்டன. அட்டைதாரர் எவரும் தம் அட்டையைத் தொலைக்கவில்லை; அட்டை அவரவர் பையிலேயே இருந்தது. ஆயினும் அதன் நகல் எங்கோ ஓரிடத்தில் பொருள் வாங்கக்கூடிய நிலை ஏற்பட்டது.

சில்லு செய்வது என்ன?

சில்லு என்பது அட்டையின் முகப்பில் பொன்னிறத் தகட்டின்கீழ் அமைந்த ஒரு நுண்கணினி. அதனுள் ஓர் இரகசியத் திறவுகோல் பொதிந்துள்ளது. அத்திறவுகோல் சில்லை விட்டு வெளியே வருவதில்லை. அட்டையைச் செருகியதும் கருவி தொகை, நாள், அந்த நேரத்தில் தானே உருவாக்கிய ஓர் எண் ஆகியவற்றைச் சில்லுக்குத் தருகிறது. சில்லு அவற்றோடு தன் திறவுகோலையும், இதுவரை எத்தனை முறை பயன்பட்டது என்னும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணித்து, அந்த ஒரு வணிகத்திற்கு மட்டும் பொருந்தும் ஒரு சான்றைத் தருகிறது. அட்டை வழங்கிய வங்கி அதனைத் தானும் கணித்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் அட்டை அசல்.

ஓர் உவமையால் இதனை விளக்கலாம். காந்தப் பட்டை, தாளில் குத்தப்பட்ட முத்திரையின் பதிவு போன்றது. அதனைப் பார்த்தவர் படியெடுத்துவிடலாம். சில்லோ முத்திரையே ஆகும். ஒவ்வொரு தாளிலும் புதிதாகக் குத்துகிறது. தான் உரியவர் கையைவிட்டு அகலுவதில்லை. நேற்றைய பதிவைக் களவாடியவன் அதனைக் கொண்டு இன்றைய தாளில் முத்திரையிட இயலாது.

நாடுகள் வந்த வழி

இத்துறையில் பிரெஞ்சு நாடு முன்னோடியாகத் திகழ்ந்தது. அந்நாட்டவரான ரோலான் மொரேனோ 1974இல் நினைவகச் சில்லு அட்டைக்குக் காப்புரிமை பதிந்தார். 1992இன் இறுதிக்குள் பிரெஞ்சு வங்கி அட்டைகள் சில்லு அட்டைகளாயின. யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி வகுத்த பொதுவிதிகள் 1996இல் வெளிவந்தன. அம்மூன்றின் முதலெழுத்துகளே ஈ.எம்.வி. என்னும் பெயராயின. இங்கிலாந்தில் 2006 பிப்ரவரி 14 முதல் கையொப்பத்திற்கு மாறாக இரகசிய எண்ணை இடுவது வழக்கமாக்கப்பட்டது.

அமெரிக்கா மட்டும் நெடுங்காலம் பின்தங்கியது. அங்கே கடைகளும் வங்கிகளும் மிகப் பல. கருவிகளும் பல இலட்சம். மாற்றத்திற்கு ஆகும் செலவை யார் முதலில் ஏற்பது என்பதில் எவரும் முன்வரவில்லை. சில்லு அட்டை இல்லாதபோது கருவி எதற்கு என்றனர் கடைக்காரர். கருவி இல்லாதபோது சில்லு அட்டை எதற்கு என்றன வங்கிகள்.

பொறுப்பு இடம் மாறியது

இம்முடிச்சை அவிழ்த்தது சட்டமன்று. அட்டை நிறுவனங்கள் தம் ஒப்பந்த விதியில் செய்த ஒரு மாற்றம். 2015 அக்டோபர் 1க்கு முன்னர், போலி அட்டையால் கடையில் நேரிடும் நட்டத்தைப் பொதுவாக அட்டை வழங்கிய வங்கியே ஏற்றது. அந்நாள் முதல், இருவரில் எவர் சில்லு முறைக்கு மாறவில்லையோ அவரே நட்டத்தை ஏற்க வேண்டும் என்றாயிற்று.

ஒரு கடையை எண்ணிப் பார்ப்போம். சில்லு உள்ள ஓர் அட்டையின் காந்தப் பட்டை படியெடுக்கப்பட்டு, அந்த நகல் அட்டையைக் கொண்டு 600 டாலர் மதிப்புள்ள பொருள் வாங்கப்படுகிறது. கடையில் பழைய தேய்ப்புக் கருவியே உள்ளது. உரியவர் முறையிட்டதும் வங்கி அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறது. அத்தொகை கடைக்காரர் கணக்கில் பிடிக்கப்படுகிறது. பொருளும் போயிற்று, பணமும் போயிற்று. அதே கடையில் சில்லுக் கருவி முறையாக இயங்கியிருந்தால், நட்டம் கடையைச் சேராது. அட்டையிலேயே சில்லு இல்லாதிருந்தாலும் பொறுப்பு வங்கியினுடையதே.

கடைக்காரர் பட்ட பாடு

விதி தெளிவானது, நடைமுறை அவ்வாறு அமையவில்லை. வங்கி கொடுத்த தனிக்கருவியைப் பயன்படுத்திய கடைக்கு மாற்றம் எளிது. பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றால் போதும். விலைப்பட்டியல் போடும் கணினியோடு கருவியை இணைத்திருந்த கடைக்கோ வேலை நான்கு. செருகுவாய் உள்ள கருவியை வாங்க வேண்டும். கணினி நிரலைத் திருத்த வேண்டும். பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்திடம் அவ்வமைப்பைச் சோதித்துச் சான்று பெற வேண்டும். ஊழியரைப் பழக்க வேண்டும். மூன்றாவது படியில் நெரிசல் ஏற்பட்டது. புதிய கருவியை வாங்கி வைத்தும் சான்று கிடைக்காமல், செருகுவாயை ஒட்டுத்தாளால் மூடிப் பட்டையையே தேய்த்த கடைகள் பல. நட்டம் மட்டும் அவர்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

2016 மார்ச்சில் புளோரிடாவைச் சேர்ந்த ஒரு சிறிய மளிகைக்கடை நிறுவனம் இக்குறையை முன்வைத்து அட்டை நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டின் நடுவில் விசா நிறுவனம் சான்று பெறும் முறையை எளிதாக்கியது. 25 டாலருக்குக் குறைந்த போலி அட்டை நட்டங்களைக் கடைகள்மேல் ஏற்றுவதையும் நிறுத்தியது. எரிபொருள் நிலையங்களுக்கு, நிலத்தடியில் பதித்த இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருந்தமையால், முதலில் குறித்த 2017 அக்டோபர் என்னும் கெடு நீண்டு 2021 ஏப்ரலில் முடிந்தது.

இந்நிகழ்ச்சிகள் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. தடுக்கும் ஆற்றல் உள்ளவரிடம் பொறுப்பை வைப்பது நேர்மை. அது மாற்றத்தை விரைவுபடுத்தவும் செய்யும். ஆனால் ஆற்றல் வந்து சேருமுன் பொறுப்பை ஏற்றுவது நேர்மையாகாது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் மாற்றம் வேறு வழியில் வந்தது. இங்கே ஆணையிட்டது ரிசர்வ் வங்கி. 2015 செப்டம்பர் 1 முதல் புதிய அட்டைகள் சில்லும் இரகசிய எண்ணும் உடையனவாக இருத்தல் வேண்டும் என்றும், பழைய பட்டை அட்டைகள் 2018 டிசம்பர் 31க்குள் மாற்றப்பட வேண்டும் என்றும் வங்கிகளுக்கு அது பணித்தது. அங்கே ஒப்பந்தம் செய்ததை இங்கே ஆணை செய்தது.

சொற்கள் காட்டும் உண்மை

தமிழ் மாணவர் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். அசல், நகல், வசூல், பாக்கி, ஜாமீன் ஆகியன அரபு மொழியிலிருந்தும், ரசீது பாரசீகத்திலிருந்தும் நம் வழக்கிற்கு வந்தவை. வாணிகத்திலும் அலுவலகத்திலும் வேரூன்றிய இச்சொற்களுள் மூன்று இப்பொருளை முழுதும் அடக்கிவிடுகின்றன. அசலையும் நகலையும் பிரித்தறிவது கருவியின் வேலை; பிரித்தறியத் தவறினால் யார் ஜாமீன் என்பது மனிதர் தீர்க்க வேண்டிய வேலை. வினைச்சொல்லும் மாறியது. ‘கார்டைத் தேய்ப்பது’ என்ற வழக்கு, செருகுவதும் தொட்டுக் காட்டுவதும் வந்தபின்னும் பலர் நாவில் நிலைத்துள்ளது. பொருள் மாறியும் சொல் தங்குவது மொழியின் இயல்பு.

முடிவுரை

சில்லு எல்லாக் களவையும் ஒழித்துவிடவில்லை. கடையில் போலி அட்டை குறைந்த நாடுகளில், அட்டையைக் காட்டாமல் எண்ணை மட்டும் கொடுத்து வாங்கும் வணிகத்திற்கு மோசடி இடம்பெயர்ந்தது. காந்தப் பட்டையோ விடைபெறும் தறுவாயில் உள்ளது. 2033க்குள் தன் அட்டைகளில் அது இராது என்று மாஸ்டர்கார்டு 2021இல் அறிவித்துள்ளது.

ஆகவே கடைக்குப் புதிய கருவி வாங்குவோர் விலையை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. கருவி சான்று பெற்றதா, செருகுவாய் உண்மையில் இயங்குகிறதா, சில்லு படிக்கப்படாதபோது ஊழியர் செய்ய வேண்டியது என்ன, போலி அட்டை வந்தால் நட்டம் யாருடையது என்ற நான்கையும் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுத்தால் பெறுதல் வேண்டும். நம் மாணவருள் பலர் நாளை கடையிலும் வங்கியிலும் அமரப் போகின்றவர்கள். இருபுறமும் நின்று இவ்வினாக்களைக் கேட்க அவர்கள் அறிந்திருந்தால், சிறு கடைக்காரர் தாம் செய்யாத தவற்றுக்குப் பொருளையும் பணத்தையும் இழக்கும் நிலை நேராது.