மோப்பம் போனால் வீடு ஏது?

கேள்வி: சால்மன் மீனுக்காக அலாஸ்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தையே நிறுத்திவிட்டார்களாமே? மலையைத் தோண்டினால் ஆற்று மீனுக்கு என்ன கேடு?

பதில்: பிரிஸ்டல் விரிகுடாப் பகுதியின் ‘பெபிள்’ திட்டத்தைக் கேட்கிறீர்கள். செம்பும் தங்கமும் எடுக்கும் திட்டம் அது. உலகிலேயே மிக அதிகமாக சாக்கை வகை சால்மன் திரும்பி வருவது அங்கேதான். அந்த நீர்நிலைகளில் சுரங்கக் கழிவைக் கொட்ட 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தடை போட்டது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும். வழி காட்டுவது அந்தத் தண்ணீரின் வாசனை. சுரங்கத்திலிருந்து வரும் செம்பு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கரைந்தாலே மோப்பம் மங்கிவிடும். தன்னைத் தின்ன வரும் மீனைக்கூடக் குஞ்சால் உணர முடியாது.

அடுத்த எதிரி, தோண்டும்போது ஆற்றில் கலக்கும் பொடிமண். பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கூழாங்கற்களுக்குள் குழி பறித்து, முட்டையிட்டு மூடும். கல்லிடுக்கில் ஓடும் நீர்தான் முட்டைக்கு மூச்சு. இடுக்கை மண் அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும்.

பெரிய பயம், சுரங்கக் கழிவைத் தேக்கி வைக்கும் கழிவுக்குட்டைதான். கனடாவின் மவுண்ட் பாலி சுரங்கத்தில் 2014 ஆகஸ்ட் 4 அன்று குட்டையின் கரை உடைந்தது. சுமார் 2.5 கோடி கன மீட்டர் சேறும் நீரும் ஹேசல்டைன் ஓடையை வாரிச் சுருட்டிக்கொண்டு, சால்மன் வரும் குவெனல் ஏரியில் போய் விழுந்தன. சுரங்கத்தை மூடினாலும் குட்டை அங்கேயேதான் இருக்கும். அதன் கரையைத் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். அந்தப் பொறுப்பை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி.