வேடம் கட்டுவோம், வேடம் கலைப்போம்

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். விடை தெரியாமல் இல்லை. தேர்வுத்தாளில் நன்றாகவே எழுதுவான். வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசுவதுதான் அவனால் முடியாது.

ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவன் குரலைக் கேட்டேன். சுற்றி மூன்று நண்பர்கள். "வடக்கு வாயிலை நான் காக்கிறேன். காயம்பட்டவர்கள் என் பின்னால் வாருங்கள். மருந்து இன்னும் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது, யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று ஒரு தளபதியைப் போலப் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"நல்லாத்தானேப்பா பேசினே, ஏன் நிறுத்திட்டே?" என்றேன்.

"அது நான் இல்ல சார். என் கேரக்டர்" என்றான்.

அப்பாவின் கைப்பேசியில், அவர் தறியிலிருந்து எழுந்து வந்த பிறகு, இணையத்தில் ஒரு மாயாஜால விளையாட்டு ஆடுகிறான். அதில் அவன் வைத்தியன். வாளெடுத்துச் சண்டை போடத் தெரியாது. காயத்தை ஆற்றத் தெரியும். அந்த வைத்தியனாகவே மற்றவர்களோடு பேச வேண்டும் என்பது அவர்கள் குழுவின் விதி. வகுப்பில் பேசாத பிள்ளைக்கு அங்கே எப்படிப் பேச்சு வருகிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பாத்திரமேற்று விளையாடும் முறையின் பக்கம் இழுத்தது.

இது என்ன விளையாட்டு?

கைப்பேசி விளையாட்டு என்றாலே சுடுவதும் ஓடுவதும்தான் என்று நினைத்திருந்தேன். இது வேறு வகை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று கூறுவார்கள். தாளும் பென்சிலும் பகடையும்தான் கருவிகள்.

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர்கள் பலர் ஒரே நேரத்தில் கணினி வழியே ஆடக்கூடிய 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 2004ஆம் ஆண்டில் வெளியான 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற விளையாட்டுகளில் படமும் ஓசையும் சேர்ந்தன. ஆனாலும் பாத்திரமாகவே பேச விரும்புவோருக்கென்று தனி சர்வர்கள் ஒதுக்கப்பட்டன. கருவி மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: இன்னொருவராக நின்று யோசிப்பது, பேசுவது.

நம் ஊரில் இருப்பதுதான்

ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதா என்ன? ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கண்ணப்பத் தம்பிரானின் புரிசை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி விழுந்தவன்தான் நானும்.

கூத்தில் மூன்று வழக்கங்களைக் கவனியுங்கள். முதலாவது, திரை. இரண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, வேடக்காரர் அதன் பின்னாலிருந்தே பாடி, பிறகு வெளிப்படுவார். இரண்டாவது, கட்டியக்காரன். வந்திருப்பவர் யார், எந்த ஊர், என்ன வேலையாக வந்தார் என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைப்பவன் அவன். மூன்றாவது, பகடை துகில் கூத்தில் வருவது. திரௌபதியின் துகிலைத் தொடுமுன் துச்சாதனன் வேடம் கட்டியவர் ஆட்டத்தை நிறுத்தி, அம்மனை வணங்கி, பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொள்ளும் வழக்கம் கூத்தர்களிடம் உண்டு. 'செய்வது துச்சாதனன், நான் அல்ல' என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் மேலே தொடர்வார்.

வேடத்துக்குள் நுழைய ஒரு வாசல், வேடத்தை விட்டு வெளியே வர ஒரு வாசல். 'அது நான் இல்ல சார், என் கேரக்டர்' என்று என் மாணவன் சொன்னதும் இதைத்தான். அன்று எனக்கு அது புரியவில்லை. ஒரு தவறு செய்த பிறகுதான் புரிந்தது.

நான் செய்த தவறு

உள்ளூர் வாழ்க்கையே பாடமாக வேண்டும் என்ற ஆர்வத்தில், முதல் நாளே நெசவாளியும் முதலாளியும் கூலி பேசும் காட்சியைக் கொடுத்தேன். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தறி இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான காட்சி உண்டா என்று நினைத்தேன்.

நெசவாளியாக ஒரு மாணவி வந்தாள். சேலையில் பிசிறு இருக்கிறதென்று 'முதலாளி' கூலியில் பிடித்தம் செய்தான். அவள் பதில் பேசத் தொடங்கினாள். இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு அது நடிப்பாக இல்லை. வாங்கிய முன்பணம், அடகு வைத்த கம்மல், இரவில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது என்று எல்லாம் வந்தது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் நின்றுவிட்டாள். நான் 'அருமை' என்று கைதட்டச் சொன்னேன். அது இரண்டாவது தவறு.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா தறியில் உட்கார்ந்தபடியே, "வீட்டுப் பேச்சைப் பள்ளிக்கூடத்துல பேசிட்டேன்னு அழறா சார்" என்றார். அவரிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான் அவளுக்கு வேடம் எதுவும் கொடுக்கவில்லை. அவளை அவளாகவே நிறுத்தி, எல்லோரையும் பார்க்க வைத்திருக்கிறேன்.

பாத்திரமேற்றலைத் தொடங்கும் ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: முதல் பாத்திரம் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து தள்ளி இருக்கட்டும். உள்ளே போகும் வாசலையும் வெளியே வரும் வாசலையும் முதலில் கட்டிவிடுங்கள்.

தொடங்குவது எப்படி?

அதன் பிறகு என் பேசாத மாணவனையே ஆலோசகனாக வைத்துக்கொண்டேன். அவன் விளையாட்டின் விதிகளும் கூத்தின் வழக்கங்களும் சேர்ந்து இப்போது எங்கள் முறை இப்படி இருக்கிறது.

1. நான்கு கேள்விகள். 'ஏழு வாயில் கொண்ட ஒரு நாடு' என்று கற்பனை நாடு ஒன்றைக் கரும்பலகையில் வரைகிறோம். அந்த நாட்டில் வாழும் ஒருவரை ஒவ்வொருவரும் உருவாக்க வேண்டும். பெயர் என்ன? எங்கிருந்து வருகிறார்? அவருக்கு என்ன வேண்டும்? அவரால் எது முடியாது? ஆளுக்கு நான்கே வரி. 'மலையிலிருந்து வரும் தேனெடுப்பவர். எந்த உயரமும் ஏறுவார். கூட்டத்தைக் கண்டால் பயம். தங்கைக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார்.' ஜவ்வாது மலையைத் தூரத்தில் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை எழுதியது இது.

நாலாவது கேள்விதான் முக்கியம். ஒருவன் 'எல்லாம் தெரியும், யாராலும் வெல்ல முடியாது' என்று எழுதினான். ஆலோசகன் சொன்னான்: "அப்படி இருந்தா உன்கூட யாருடா விளையாடுவாங்க? உனக்கு யாரும் தேவைப்பட மாட்டாங்களே." என் விளக்கத்தைவிட அது நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

2. திரை. இரண்டு பேர் ஒரு துண்டைப் பிடிக்கிறார்கள். பாத்திரம் அதன் பின்னால் நிற்கிறது. கட்டியக்காரன் "யார் அது? எங்கிருந்து வருகிறீர்?" என்று கேட்கிறான். முதல் வாரம் இந்த அறிமுகம் மட்டும் போதும். முகம் தெரியாததால் கூச்சப்படும் பிள்ளைகளும் பேசிவிடுகிறார்கள்.

3. 'நான்' என்று பேசுதல். 'அவர் போகிறார்' அல்ல, 'நான் போகிறேன்'. அடுத்தவர் பாத்திரத்தை நாம் ஆட்டுவிக்கக் கூடாது. 'நான் தள்ளினேன், அவன் விழுந்தான்' என்று சொல்லக் கூடாது. 'நான் தள்ளப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விழுவதா, விலகுவதா என்பதை எதிரே நிற்பவர் சொல்லட்டும். காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் இந்த ஒரு விதியிலேயே வந்துவிடுகிறது.

4. நிறுத்தும் சொல். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், "திரை!" என்று சொல்லலாம். சொன்ன நொடியில் ஆட்டம் நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆசிரியரும்தான். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு.

5. வேடம் கலைத்தல். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரைச் சொல்லி, பாத்திரத்துக்கும் தமக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைக் கூற வேண்டும். 'அவர் மலை ஏறுவார். நான் மாடிப்படியிலேயே கீழே பார்க்க மாட்டேன்.' சிரிப்போடு வெளியே வருவார்கள். ஆட்டத்தில் கோபித்துக்கொண்ட இருவர் அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க இது அவசியம். மணி அடித்துவிட்டது என்று இதைத் தவிர்த்த ஒரே நாளில்தான் வாசலில் சண்டை நடந்தது.

நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். தன் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை நினைவில் வைத்துப் பேசுகிறாரா, எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்கிறாரா என்ற இரண்டை மட்டும் கவனியுங்கள்.

பாடத்துக்குள் கொண்டுவருதல்

முறை பழகிய பிறகு பாடத்துக்கு வரலாம். 1751ஆம் ஆண்டில் ஆரணிக்கு அருகே ராபர்ட் கிளைவின் படை போரிட்டது. கிளைவாக நடிக்க எல்லோரும் கை தூக்கினார்கள். நான் கொடுத்த பாத்திரங்கள் வேறு: படை வருகிறது என்று கேள்விப்பட்ட வண்டிக்காரர், குடத்தோடு ஆற்றுக்குப் போன பெண், விதைநெல்லை ஒளித்து வைக்கும் உழவர், பாவு போட்டுவிட்டு நிற்கும் நெசவாளி. 'யார் ஜெயித்தார்கள்?' என்று கேட்கும் வகுப்பு அன்று, 'எங்கள் மாட்டை யார் ஓட்டிப்போனார்கள்?' என்று கேட்டது. தமிழில் பாத்திரத்தின் பெயரால் கடிதம் எழுதலாம். குடிமையியலில் கிராம சபையைக் கூட்டலாம். கலைத் திருவிழாவுக்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

இணையத்தில் ஆடும் பிள்ளைக்கு

விளையாடாதே என்று மட்டும் சொன்னால், ஒளித்துத்தான் விளையாடுவார்கள். வகுப்பில் பழகிய அதே இரண்டு வாசல்களை அங்கேயும் வைக்கச் சொல்கிறேன். பாத்திரத்தின் பெயர் சொந்தப் பெயராக இருக்கக் கூடாது. பள்ளி, ஊர், கைப்பேசி எண், படம் எதையும் பாத்திரம் சொல்லக் கூடாது. கதையை விட்டு வெளியே வந்து 'நீ எந்த ஊர், தனியாக இருக்கிறாயா' என்று யாராவது கேட்டால், அதுவே 'திரை' சொல்ல வேண்டிய நேரம். உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்காமல் பணம் கட்டி எதையும் வாங்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதோடு, குழந்தைகள் உதவி எண் 1098, இணையவழிப் பணமோசடிக்கு 1930 ஆகிய இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது

என் வைத்தியன் இன்னும் பாடத்தில் கேள்வி கேட்டால் தயங்கத்தான் செய்கிறான். ஆனால் எங்கள் கட்டியக்காரன் அவன்தான். "யார் அது? எங்கிருந்து வருகிறீர்?" என்று அவன் கேட்கும் குரல் பக்கத்து வகுப்புவரை போகிறது.

அந்த மாணவி மூன்று மாதம் கழித்து, தானாகவே ஒரு பாத்திரம் எழுதி வந்தாள். ஏழு வாயில் நாட்டில் பறவைகளுக்குச் சிறகு நெய்து தருபவள். அரசனிடம் கூலி கேட்டு நின்றாள். நான் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எந்த நொடியும் 'திரை' சொல்லத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டுதான் அவள் நகர்ந்தாள். வேடம் கலைக்கும்போது சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, "அவளுக்கு ராஜாகிட்டப் பேசப் பயமில்ல. எனக்குக் கொஞ்சம் இருக்கு" என்றாள்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாளைக்கு வகுப்புக்குப் போகும்போது ஒரு துண்டு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் நீங்களே அதன் பின்னால் நின்று, நான்கு வரியில் ஒரு பாத்திரமாகப் பேசிக் காட்டுங்கள். பிறகு வெளியே வந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்து யார் என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.