பெரிய டயருக்கு எந்த ஆக்சில் விகிதம்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் ஜீப் ரேங்லர் வாங்குகிறவர்களில் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். 28, 29 அங்குல டயரோடு வந்த வண்டிக்கு 33 அங்குலம் போடுகிறார்கள். இன்னும் ஆசை இருந்தால் 35. யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளுக்கோ கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்துக்கோ அந்த வண்டி போவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் அது மணிக்கு 110 கிலோமீட்டரில் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. டயர் மாற்றிய மறுநாளே அங்கே திணறல் தொடங்கிவிடும். சின்ன ஏற்றத்துக்கும் கியர் இறங்கும், எதிர்காற்று வீசினால் வேகம் நிற்காது, லாரியை முந்த மனம் துணியாது.

இதைச் சரிசெய்யும் வழி ஆக்சிலுக்குள் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல்லும் சிறிய பல்சக்கரமான பினியனில் 10 பல்லும் இருந்தால் விகிதம் 4.10, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜினின் சுற்றும் கூடும். டயர் பெரிதானால் இரண்டும் குறையும். இவ்வளவு எளிய விஷயத்தைச் சுற்றி எத்தனையோ தவறான நம்பிக்கைகள். அவற்றை நம்பி ஆயிரக்கணக்கான டாலரை வீணாக்குகிறவர்களும் உண்டு, நல்ல கியர் பாக்ஸைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

"ஆர்பிஎம் குறைந்தால் மைலேஜ் கூடும், கியரைத் தொடாதே"

இதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதனால்தான். பெட்ரோல் இன்ஜின் குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டர் நன்றாகத் திறந்த நிலையில் சிக்கனமாகவே ஓடும். கம்பெனிகள் ஓவர்டிரைவ் கியர் வைப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்தச் சுற்றில் இன்ஜினிடம் கொஞ்சமாவது கைவசம் இழுவை மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் சிக்கனமும் இல்லை.

2007 முதல் 2011 வரை வந்த ஜேகே தலைமுறை ரேங்லரைப் பாருங்கள். 3.8 லிட்டர் வி6 இன்ஜின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். நான்காவது கியரின் விகிதம் 0.69, மூன்றாவது 1.00. ஆக்சிலில் 3.73 இருக்கும் வண்டிக்கு 35 அங்குல டயர் போட்டால் 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் இன்ஜின் சுமார் 1,700 ஆர்பிஎம்மில் இருக்கும். இந்த இன்ஜினின் உச்ச டார்க் வருவது 4,000 ஆர்பிஎம்மில். 1,700-இல் அதனால் அந்த டயரையும் எதிர்க்காற்றையும் தள்ள முடியாது. உடனே மூன்றாவதுக்கு இறங்கும்; ஆர்பிஎம் 2,500-ஐத் தொடும். சமதளம் வந்ததும் நான்காவது, அடுத்த மேட்டில் மீண்டும் மூன்றாவது. கியர் மாறும்போதும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபடும். பூட்டு இல்லாமல் அது சுற்றும் நேரமெல்லாம் ஆயில் சூடேறும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயுளைத் தின்பது இந்தச் சூடுதான். மீட்டரில் 1,700 என்று பார்த்து மகிழ்கிற ஓட்டுநர், மேடுகளை எல்லாம் 2,500-இல் ஏறிக்கொண்டிருக்கிறார்.

அதே வண்டியில் 4.88 போட்டால் நான்காவது கியரில் சுமார் 2,210. கேட்க அதிகம். ஆனால் வண்டி நான்காவதிலேயே நிற்கும்.

"டயர் போட்டதும் மைலேஜ் விழுந்தது, கியர் மாற்றியதும் திரும்பி வந்தது"

இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய ஓடோமீட்டர்தான் பொய் சொல்கிறது. 28.3 அங்குல டயருக்குப் பதில் 33 போட்டால் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 16.6 சதவீதம் கூடுகிறது. ஓடோமீட்டர் 300 கிலோமீட்டர் என்றால் உண்மையில் வண்டி ஓடியது 350. அதற்கு 40 லிட்டர் பெட்ரோல் போயிருந்தால், லிட்டருக்கு 7.5 கிலோமீட்டர் என்று கவலைப்படுகிறவருக்கு உண்மையில் கிடைத்தது 8.75. கொஞ்சம் மைலேஜ் குறைந்திருக்கும்தான். டயரின் எடையும் அகலமும் உயரமும் சும்மா விடாது. ஆனால் அவர் நினைக்கும் அளவுக்கு இல்லை.

அடுத்த பாதிக்கும் கணக்கு உண்டு. 1997 முதல் 2006 வரை வந்த டிஜே தலைமுறை ரேங்லரில் வேகத்தை அளக்கும் சென்சார், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டில், ஆக்சிலுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதே 33 அங்குல டயரோடு 3.07-ஐ எடுத்துவிட்டு 4.10 போட்டு, அங்கிருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்பீடோமீட்டர் கியரை மாற்றாமல் விட்டால், ஓடோமீட்டர் இப்போது 14 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். ஒரு சொட்டு பெட்ரோலும் மிச்சமாகாமலே மைலேஜ் "திரும்பி வந்துவிடும்". ஜேகேயில் வேகம் சக்கரங்களிலிருந்தே அளக்கப்படுகிறது. அங்கே டயர் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கியர் மாறும் நேரமே குழம்பும்.

மைலேஜ் பற்றிப் பேசுவதற்கு முன் ஜிபிஎஸ்ஸில் தூரத்தைச் சரிபாருங்கள். இதில் பணத்தைவிடப் பெரிய விஷயமும் இருக்கிறது: திருத்தாத மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி 116-இல் போகிறது, அதுவும் கனத்த டயரால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடிய நிலையில்.

"டயர் அளவுக்கு எதிரே விகிதம் போட்ட அட்டவணை இருக்கிறதே!"

இருக்கிறது. மேலே விகிதங்கள், பக்கத்தில் டயர் அளவுகள், கட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்கு அந்த அட்டவணை மேல் உள்ள குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. அது உங்கள் டாப் கியரைக் கேட்பதில்லை.

டிஜே ரேங்லரையே எடுத்துக்கொள்வோம். ஒரே 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், ஒரே 33 அங்குல டயர், ஒரே 4.10 ஆக்சில், 110 கிலோமீட்டர் வேகம். 2002 வரை வந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் டாப் கியர் 1.00, இன்ஜின் சுமார் 2,850 ஆர்பிஎம்மில் ஓடும். ஐந்து கியர் மேனுவலில் டாப் 0.79, 2,250. 2003-இல் வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் 0.69, 1,970. முதல் வண்டிக்காரர் இரைச்சலில் தலைவலியோடு வீடு திரும்புவார், மூன்றாமவர் இழுவை போதவில்லை என்பார். அட்டவணையில் மூவருக்கும் ஒரே கட்டம், ஒரே பச்சை.

கணக்கை நீங்களே போட்டுவிடலாம். வேகத்தை மீட்டராக்கி (110 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,833 மீட்டர்) டயரின் சுற்றளவால் வகுத்தால் சக்கரத்தின் சுற்று கிடைக்கும். அதை ஆக்சில் விகிதத்தாலும் டாப் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜினின் ஆர்பிஎம். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 33 என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அளந்தால் அரை அங்குலம் குறைவது சாதாரணம்; வண்டியின் பாரம் இறங்கியதும் இன்னும் குறையும். ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று டயர் கம்பெனி தரும் எண்ணே நம்பகமானது.

"டயர் கூடிய சதவீதத்துக்கு விகிதத்தையும் கூட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும்"

பள்ளிக் கணக்கில் இது சரி. 28.3-இலிருந்து 33-க்குப் போனால் 3.07-க்குப் பதில் 3.58 வேண்டும்; 3.55 போட்டால் ஆர்பிஎம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் வண்டி பழைய வண்டியாக இல்லையே. டயர் கனமானது, அந்தக் கனமும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. லிஃப்ட் கிட் போட்டு வண்டி உயர்ந்துவிட்டது. முன் பம்பர், வின்ச், கூரைமேல் சாமான் தட்டு எல்லாம் சேர்ந்துவிட்டன. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 100-இலிருந்து 120-க்குப் போனாலே காற்றுக்காக மட்டும் 73 சதவீதம் கூடுதல் சக்தி. ரேங்லரோ செங்குத்தான கண்ணாடியும் தட்டையான முகமும் கொண்டது. பழைய ஆர்பிஎம் கிடைத்தாலும் அந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் செய்ய வேண்டிய வேலை கூடிவிட்டது. ஆகவே கணக்கு சொல்லும் எண்ணுக்கு ஒரு படி மேலே போவதே நெடுஞ்சாலைக்கு நல்லது.

இதற்கு ஜீப் கம்பெனியே சாட்சி. 2021-இல் ஜேஎல் தலைமுறை ரேங்லரின் ரூபிகான் வகைக்கு 35 அங்குல டயரோடு எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற பேக்கேஜ் வந்தது. வழக்கமான ரூபிகானில் 285/70 ஆர்17 டயர், 4.10 ஆக்சில். புதிய டயர் 315/70 ஆர்17. விட்டம் ஐந்து சதவீதம்தான் அதிகம். சதவீதக் கணக்குப்படி 4.31 போதும். அவர்கள் போட்டது 4.56. அந்த டயரின் கனத்துக்காகப் பின்கதவையும் வலுப்படுத்தினார்கள். வாரண்டி கொடுத்து விற்க வேண்டிய இன்ஜினியர்கள் எடுத்த முடிவு இது. எந்த அட்டவணையையும்விட நான் இதை மதிக்கிறேன்.

"உச்ச டார்க் வரும் ஆர்பிஎம்மில் ஓடும்படி கியர் போட வேண்டும்"

வேண்டாம். உச்ச டார்க் என்பது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி அளந்த எண். 2012-இல் ஜேகேக்கு வந்த 3.6 லிட்டர் பென்டாஸ்டார் இன்ஜினின் உச்ச டார்க் 4,800 ஆர்பிஎம்மில். நாள் முழுதும் 4,800-இல் யார் ஓட்டுவார்கள்? நெடுஞ்சாலைக்குத் தேவை, டாப் கியரிலேயே ஒரு மேட்டை ஏறும் அளவுக்கு இழுவை மிச்சம் இருக்கும் இடம். இந்தப் பெட்ரோல் இன்ஜின்களில் அது பெரும்பாலும் 2,000-க்கும் 2,600-க்கும் நடுவில் எங்கோ விழுகிறது.

டீசல் என்றால் கணக்கே வேறு. நம் ஊரில் மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் அமெரிக்க எண்களைப் படித்துக் கவலைப்படுவதைப் பார்க்கிறேன். தாரின் 2.2 லிட்டர் டீசல் 1,600 ஆர்பிஎம்மிலேயே தன் 300 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கொடுத்துவிடும். 3.8 லிட்டர் பெட்ரோல் ஜீப் திணறும் இடத்தில் அது நிம்மதியாக இழுக்கும். அதோடு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் டயர் வாங்குவதற்கு முன் நினைவில் வைக்க வேண்டும்.

"பெரிய எண் பாறைக்காரர்களுக்கு, நெடுஞ்சாலைக்காரருக்கு எதற்கு?"

உண்மை ஏறக்குறைய தலைகீழ். பாறையில் ஊர்ந்து ஏற டிரான்ஸ்ஃபர் கேஸில் தனியாக லோ ரேஞ்ச் இருக்கிறது. சாதாரண ரேங்லரில் அது 2.72, ரூபிகானில் 4.00. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ரூபிகானில் முதல் கியரின் 2.84-ஐயும் 4.10 ஆக்சிலையும் சேர்த்துப் பெருக்கினால் 46-க்கு மேல் வருகிறது. பாறைக்குக் குறை இல்லை. நெடுஞ்சாலையில் அந்த உதவி கிடையாது. அங்கே இருப்பது டாப் கியரும் ஆக்சிலும் மட்டுமே.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதன் முதல் கியர் 4.71, கியர்களுக்கு நடுவிலான இடைவெளியும் குறைவு. ஒரு கியர் இறங்கினால் ஆர்பிஎம் துள்ளிக் குதிப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் 33 அங்குலம் போட்டவர் அவசரப்பட வேண்டியதில்லை. சில மாதம் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யலாம்.

"சந்தேகமா? இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போடு"

இங்கே நான் பிரேக் போடச் சொல்வேன். 4.10-க்கு பினியனில் 10 பல். 4.56-க்கு 9. 4.88-க்கு 8. 5.13-க்கும் 8தான், ஆனால் பினியனின் தலை சிறுத்துக்கொண்டே போகிறது. சாதாரண ரேங்லரின் முன்புறம் உள்ள டானா 30 போன்ற சின்ன ஆக்சிலில் 5.13 பினியன் மிகச் சிறியது. கிரவுன் பல்லோடு அது பொருந்தும் பரப்பும் குறைவு. நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 3.8 லிட்டர், 35 அங்குலம் என்று சேர்ந்தால் 5.13-க்கு நியாயம் உண்டு. அதே வண்டியை மண்ணிலும் பாறையிலும் கடுமையாக ஓட்டுகிறவர் 4.88-இல் நின்றுகொள்வது நல்லது. டானா 30-இல் 3.55-லிருந்து 3.73-க்கும் அதற்கு மேலும் போகும்போது கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டிவரும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு முன்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். ஷாஃப்ட்டோ டிரான்ஸ்ஃபர் கேஸோ உடையும்.

வேலைக்கு ஆள் தேர்வுசெய்வதும் எண்ணைத் தேர்வுசெய்வது போலவே முக்கியம். பினியனின் ஆழம் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யப்பட வேண்டும், பேரிங் இறுக்கம் அளக்கப்பட வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான பேக்லாஷ் மில்லிமீட்டரில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். பல்லில் மஞ்சள் பூச்சு தடவிச் சுற்றிப் பார்த்த தடத்தைக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல மெக்கானிக் தானாகவே காட்டுவார். "கொஞ்சம் ஊளையிடும், ஓடினால் சரியாகிவிடும்" என்றால் ஏற்காதீர்கள். ஊளையிடும் கியர் ஓட ஓடத் தேயும். புதிய கியர் போட்டதும் முதலில் 25, 30 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி நன்றாக ஆறவிடுங்கள். சில முறை இப்படிச் செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுக்க வேண்டாம். அது முடிந்ததும் இரண்டு ஆக்சிலிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.