ராஜினாமாக் கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள்

துணிக்கடை, செருப்புக்கடை, பேக்கரி, பாத்திரக்கடை என்று நம் மாவட்டத்தில் நம்மவர்கள் நடத்தும் தொழில்களில், ஒருவர் வேலையை விடுவது பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. "அடுத்த மாசத்திலிருந்து வரலீங்க பாய்" என்பான் பையன். "பெருநாள் முடியட்டும், பார்க்கலாம்" என்பார் முதலாளி. சிலர் தாளில் எழுதியும் கொடுக்கிறார்கள். அது கல்லாப்பெட்டியில் கிடக்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் விரிவாகச் சொல்கிறது. வேலைக் கணக்கில் மட்டும் ஏனோ நாம் எழுத்தை மறந்துவிடுகிறோம்.

பதில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கண் ரயில்வே வழக்கைப் பார்ப்போம். 23 ஆண்டுகள் பணியாற்றிய ஊழியர் ஒருவர் 2013 டிசம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அது நடைமுறைக்கு வரட்டும் என்று எழுதியிருந்தார். 2014 ஏப்ரலில் அதை ஏற்றுக்கொண்டதாக நிர்வாகம் சொன்னது. ஆனால் அந்த ஏற்புக் கடிதம் அவர் கைக்குப் போனதற்கு ஆதாரம் இல்லை. அதற்குப் பிறகும், வேலைக்கு வரவில்லை என்று சொல்லி நிர்வாகமே அவரைப் பணிக்கு அழைத்தது, அவரும் போனார். மே மாதம் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். ஜூலையில் அவரை விடுவித்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அது அலுவலகத்துக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து மட்டுமே, ஊழியருக்குத் தெரிவிக்கப்படவில்லை, ஆகவே ராஜினாமா முடிவாகவில்லை. அவருக்கு மீண்டும் வேலையும், இடைப்பட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்க உத்தரவாயிற்று.

அது அரசு நிறுவனம், நம் கடைக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் தகராறு என்று வந்தால் நம்மிடமும் முதலில் கேட்கப்படுவது இதுதான்: ஏற்றுக்கொண்டதை அவருக்கு எப்போது, எப்படித் தெரிவித்தீர்கள்?

பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு போதும்:

"ஜூன் 3 தேதியிட்ட உங்கள் ராஜினாமாக் கடிதம் ஜூன் 4 அன்று கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் கடைசி வேலை நாள் ஜூன் 30. அதுவரையுள்ள சம்பளம் ஜூலை 2-க்குள் தரப்படும். முன்பணப் பாக்கி ரூ.3,000 அதில் கழிக்கப்படும். கடைச் சாவியையும் கணக்கு நோட்டையும் மேனேஜரிடம் ஒப்படைக்கவும். ஆறு வருட உழைப்புக்கு நன்றி."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இல்லாதவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அவரை இருக்கச் சொல்லிப் பேச நினைத்தால் பேசுங்கள். அதுவரை "கடிதம் கிடைத்தது" என்று மட்டுமாவது எழுதிக் கொடுங்கள். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பழைய குறைகளைப் பட்டியல் போடும் கடிதம், பிறகு நமக்கு எதிராகவே படிக்கப்படும்.

சம்பளத் தேதியை நம் வசதிக்குத் தள்ளிப் போட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் ஐந்து ஆண்டுகளை முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், 30 நாட்களுக்குள். பி.எஃப். பிடித்திருந்தால் அவர் விலகிய தேதியை இணையத்தில் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு தேதி இல்லாததால் பணம் எடுக்க முடியாமல் அலைகிறவர்கள் உண்டு.

ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகும் நம் பிள்ளைகளிடம் புதிய கம்பெனி முதலில் கேட்பது ரிலீவிங் லெட்டரைத்தான். கடைசி நாளன்றே அதைக் கொடுத்துவிடுங்கள். அவருடைய அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தால் அவற்றையும் அன்றே திருப்பிக் கொடுங்கள். கணக்கு பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்காதீர்கள்.