கடிதம் கடையில், வியாபாரி சீனாவில்

நம்மில் பலர் இப்போது கடையின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறோம். அதற்காக ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வருடக் கட்டணமும் செலுத்துகிறோம். ஆனால் வரும் கடிதங்கள் எங்கே தங்குகின்றன என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? நானும் விசாரிக்கவில்லை. அதனால் பட்ட நட்டத்தையே இங்கு எழுதுகிறேன்.

2019 இல் சாமான் எடுக்கச் சீனாவின் யிவூ நகருக்குப் போயிருந்தேன். கடிதத்தில் சம்மதித்த விலையை விற்பனையாளர் கூட்டிச் சொன்னார். "அப்படி எழுதியிருந்தால் காட்டுங்கள்" என்றார். சீனாவில் ஜிமெயில் திறக்காது. ஆனால் என் கடை முகவரிக்கு வெப்மெயில் இருக்கிறதே என்ற தைரியத்தில், போனிலுள்ள உலாவியில் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனேன். பெட்டி வெறுமையாக இருந்தது!

புறக்கோட்டைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மச்சானுக்கு அழைத்தேன். "இன்டைக்குப் போயா மச்சான், கடை பூட்டு. திறப்பும் உங்கட வீட்டுலதான்" என்றார். அவர் திறப்பை எடுத்துக் கடைக்குப் போய்க் கடிதத்தை அனுப்பியபோது, நான் கூடிய விலைக்கே ஓடரை உறுதி செய்துவிட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். கடைக் கணனியிலுள்ள அவுட்லுக் 'பொப்3' முறையில் அமைக்கப்பட்டிருந்தது. இந்த முறை, தபால்பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு அள்ளிச் செல்வது போன்றது. சேர்வரில் பிரதி வைக்கும்படி அமைக்காவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. நாம் அனுப்பிய கடிதங்களும் அந்தக் கணனியில் மட்டுமே இருக்கும். வெப்மெயில் காட்டுவதோ சேர்வரில் உள்ளதை மட்டும். 'ஐமெப்' முறையில் கடிதங்கள் சேர்வரிலேயே தங்கும். கடைக் கணனி, போன், உலாவி மூன்றிலும் ஒரே பெட்டியைக் காணலாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. இன்றே போனில் உங்கள் வெப்மெயிலைத் திறந்து, சென்ற மாதக் கடிதம் ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் நிலையும் என்னுடையதுதான். வெப்மெயில் முகவரியை ஹோஸ்டிங் நிறுவனம் தரும். சீபெனல் பாவிக்கும் இடங்களில், தள முகவரியின் பின் முக்காற்புள்ளியிட்டு 2096 என அடித்தால் பொதுவாகத் திறக்கும்.

2. கணனி தெரிந்த ஒருவரைக் கொண்டு ஐமெப் கணக்கு அமையுங்கள். பழைய பொப் கணக்கை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். முதலில் அதிலுள்ள கடிதங்களுக்குப் பிரதி எடுத்து, புதிய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. சேர்வரில் இடம் அளவோடுதான் தரப்படும். நிறைந்துவிட்டால் புதிய கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பாரமான படங்களைக் கணனியில் சேமித்துவிட்டு அங்கே நீக்குங்கள்.

4. ஐமெப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். இன்வொயிஸ், விலை உடன்பாடு போன்றவற்றுக்கு வேறு பிரதியும் வைத்திருங்கள்.

5. "பெட்டி நிறைந்துவிட்டது, இங்கே அழுத்துங்கள்" என வரும் கடிதங்களை நம்பி கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். வெப்மெயில் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

கடைத் திறப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் கவனமாக இருக்கிறோம். கடிதங்களும் நமது சரக்கே. அவை எங்கே இருக்கின்றன என்று பயணம் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.